வெள்ளைக்கு மை இல்லை

இரவு பதினொன்று பத்து.
ஜம்பட்டா வீதியில் கடைசிக் கொத்துக்கடையும்
தட்டுவதை நிறுத்திவிட்டது.
மின்விசிறி என் கடன் பற்றுச்சீட்டுகளைப்
புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
திரையில் மூன்றாய் மடியும் ஒரு தாள்:
டெங்கு ஒழிப்பு, நாற்பதாயிரம் பிரதி,
காலை ஏழுக்கு மெஷினில் ஏற வேண்டும்.

மூன்று மடிப்பில் மூன்று மொழி.
உள்ளே மடிகிற பக்கம் மட்டும்
மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீற்றர் ஒடுக்கம்.
இல்லாவிட்டால் தாள் முட்டிக்கொண்டு நிமிரும்.
இது சதியில்லை, கணக்கு.
ஆனாலும் அந்த ஒடுங்கிய பக்கத்துக்கு
எப்போதும் தமிழையே அனுப்புகிறார்கள்,
மூன்றிலும் நீளமான சொற்கள் உள்ளதை.

‘கொள்கலன்களை அப்புறப்படுத்துங்கள்’
ஒரு வரியில் அடங்கவில்லை.
எழுத்தை அரைப் புள்ளி குறைத்தேன்.
பிறகு இன்னொரு அரை.
பிறகு குறைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு
வாசகத்தை மாற்றினேன்:
‘சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.’
யாரிடமும் கேட்கவில்லை.
கேட்க அந்நேரம் யாரும் விழித்திருக்கவுமில்லை.

நுளம்பின் படம் வாட்ஸப்பில் வந்தது.
பெரிதாக்கினால் கால்கள்
சதுரம் சதுரமாய் உதிர்கின்றன.
வேறு நுளம்பு தேடி இருபது நிமிடம்.
ஒன்று தானாகவே வந்து முழங்கையில் உட்கார்ந்தது,
அச்சுக்குப் போதுமான துல்லியத்தோடு.

நிறங்களை நான்கு மைக்கு மாற்றியதும்
மின்னிக்கொண்டிருந்த பச்சைக்குக்
காய்ச்சல் வந்த மாதிரி ஆயிற்று.
அதுதான் தாளில் வரப்போகிற பச்சை.
சுற்றிலும் மூன்று மில்லிமீற்றர் வெளியே இழுத்து விட்டேன்,
கத்தி வழுக்கினால் ஓரத்தில் வெள்ளைக் கீறு தெரியாதிருக்க.
வெட்டி எறியப்படப்போகிற இடத்துக்கும்
பார்த்துப் பார்த்து நிறம் பூசும் வேலை.
தையல்காரருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எழுத்துருவைப் பதித்தேனா? பதித்தேன்.
போன வருடம் மறந்த ஒரு கோப்பில்
கொழும்பின் முதல் எழுத்து
கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று
புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கைவிட்டுப்போன
பிள்ளைகளைப்போல் நின்றது.

கோப்பின் பெயர்: இறுதி_உண்மையான இறுதி_5.
‘ஏற்றுமதி’ என்கிறது பட்டியல்.
துறைமுகத்துச் சொல்.
அங்கே ஒரு கப்பல் ஊதியது, அதற்காக அல்ல.
நீலக்கோடு ஊர்ந்து முடிந்தது.
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

ஆறரைக்குப் பஞ்சிகாவத்தையிலிருந்து சுனிமல்.
தமிழில் அவருக்கு எண்கள் தெரியும்,
சமாளிக்கச் சில சொற்கள் தெரியும்,
எழுத்து ஒன்றும் தெரியாது.
“மிஸ், உள்பக்கம், மேல, எழுத்து இல்லையா?
மத்த ரெண்டுல இருக்கு. இங்க சும்மா பச்சை.”

திரையைப் பார்த்தேன். இருந்தது,
பச்சையின் மேல் வெள்ளையாய்,
கொட்டை எழுத்தில்: நீர் தேங்க விடாதீர்.
“இருக்கே” என்றேன்.
“பிளேட்ல இல்ல மிஸ்.”

மேலச்சு முன்னோட்டத்தைத் தட்டினேன்.
என் கண்ணெதிரே அது போய்விட்டது.

கறுப்பு எழுத்துக்கு வைத்த மேலச்சுக் குறியை
வெள்ளைக்கும் அப்படியே விட்டிருக்கிறேன்.
கறுப்பு எதன்மேலும் ஏறி நின்றுகொள்ளும்.
வெள்ளைக்கு மை இல்லை.
அந்த இடத்தில் பச்சை விலகிக்கொண்டால்தான்
அது எழுத்து.
விலகச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

எந்த அதிகாரியும் இல்லை. நான்தான்.
எத்தனை பெயர்ப்பலகைக்கு, எத்தனை படிவத்துக்கு
யார் யாரைத் திட்டியிருக்கிறேன்.

குறியை எடுத்து மறுபடி அனுப்பினேன்.
பத்து நிமிடத்தில் அழைத்தார்.
தெரியாத எழுத்தை ஒவ்வொன்றாய்
விரல் வைத்து எண்ணியிருக்க வேண்டும்:
“இப்ப பதினொண்ணு இருக்கு மிஸ். சரியா?”

எனக்கு ஒன்பதுதான் வந்தது.
இன்னொருமுறை எண்ணினேன். ஒன்பது.
பிறகு விளங்கியது:
‘தே’யின் கொம்பையும் ‘டா’வின் காலையும்
தனித்தனி ஆட்களாகச் சேர்த்திருக்கிறார்.

“சரி” என்றேன். “ஓடட்டும்.”